இருபத்திரண்டு மதிப்பெண் வாங்கிய தட்டு

நான்கு வருடங்களுக்கு முன், பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. பனி விலகி இளவெயில். காற்று கிடையாது (காற்றின் மேல் பழி போட வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்).

இடம், கீழ்பென்னாத்தூரில் சம்பந்தியின் நெல் அறுத்த நிலம். பேத்தி பிறந்து இருபத்தாறு நாள். அவளுக்கு என் அம்மா பெயர் மரகதம் என்று நானும், தன் அம்மா பெயர் பச்சையம்மாள் என்று சம்பந்தியும் பிடிவாதமாக நின்றோம். எங்கள் இருவரையும் பகைத்துக்கொள்ளப் பயந்த மாப்பிள்ளை, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் கோல்ஃபை நடுவராக்கினார். தட்டை வீசி, எழுபது அடி தள்ளிச் சங்கிலி தொங்கும் கூடையில் போட வேண்டும். குறைந்த வீச்சில் போட்டவர் சொல்லும் பெயர்.

முதலில் தட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மொத்தம் ஆறு தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு எண்கள். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் மதிப்பெண் கூட்டிய கை சும்மா இருக்குமா? கூட்டினேன். கறுப்புத் தட்டில் பதின்மூன்று, ஐந்து, பூஜ்யம், நான்கு. ஆக இருபத்திரண்டு, முதலிடம். மஞ்சள் தட்டு வெறும் பத்து. அதிலும் ஒரு மைனஸ் ஒன்று (மைனஸ் வாங்கியவனை நான் ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைப்பேன்).

"மாமா, புதுசா ஆடறவங்களுக்கு நம்பர் கம்மியா இருக்கறதுதான் சரி. அந்தக் கறுப்பு ரொம்ப வேகமா வீசறவங்களுக்கு. மெதுவா வீசினா இடது பக்கம் ஓடிடும்" என்றார் மாப்பிள்ளை.

முதல் மாணவனைக் கண்டால் யாருக்கும் பொறாமைதான் என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தியோ எண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைக்கு லேசாக இருக்கிறதென்று அந்த மைனஸ்காரனை எடுத்துக்கொண்டார்.

அவர் மூன்றாவது வீச்சில் சங்கிலி கலகலத்தது.

என் முதல் வீச்சு இருபது அடி நேராகப் போய் இடது பக்கம் திரும்பி வரப்பில் விழுந்தது. வேகம் போதவில்லை என்று இன்னும் ஓங்கி வீசினேன். இடது பக்கம் மோட்டார் கொட்டகை; கூரை ஷீட் உடைந்தது (முன்பே விரிசல் இருந்தது, நான் பார்த்திருக்கிறேன்). மூன்றாவது, அதற்கும் இடது பக்கம் இருந்த கிணறு.

"சம்பந்தி, கூடை அங்க இருக்குது. நீங்க ஏன் கிணத்தையே குறி பாக்கறீங்க?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

என் மகள் குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "அப்பா, போதும். பச்சையம்மாவுக்குப் பசிக்குது" என்றாள். ஆட்டம் அதோடு முடிந்தது.

இன்று வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் ஃபேன் வாங்கினாலும் மாப்பிள்ளை, "மாமா, நம்பரெல்லாம் கூட்டிட்டீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை. பேத்தியும் இப்போது சேர்ந்து கேட்கிறாள்.

கிணற்றில் போன தட்டு 1,650. கொட்டகை ஷீட் 900. வெற்றி நிச்சயம் என்று நான் முன்கூட்டியே பெயர் வெட்டி வாங்கி வைத்திருந்த வெள்ளி டம்ளரில் 'மரகதம்' ஐந்தெழுத்தை அழித்து, 'பச்சையம்மாள்' ஏழெழுத்தை வெட்ட, எழுத்துக்கு நாற்பது வீதம் 480. ஆக மொத்தம் ரூபாய் 3,030.