ஆஸ்கரின் வலது கை

திரையில் காதலன் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலைகுப்புற விழுந்தான். காதலியின் அப்பா துடைப்பத்தோடு புயலாக வந்தார். பின்னாலேயே நாயும் வந்தது. எல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்தது. அடுத்து, காதலியாக நடித்த ஹெஸ்டர் ப்ளம் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வர வேண்டும். வந்தாள். சவப்பெட்டிக்குப் பின்னால் நடக்கிற விதவையைப் போல, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்து வந்தாள்.

"நிறுத்து!" என்று இருட்டில் கத்தினார் கர்னல் பிராட்வெல்.

பெலிக்கன் காமெடிக் கம்பெனிக்கு முதலாளியும் இயக்குநரும் அவரே. எந்தப் போருக்கும் அவர் போனதில்லை. கர்னல் பட்டம் அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது, அகலத் தொப்பி ஒன்று வாங்கிய அன்று.

"இது காதல் காமெடியா, கல்லறைத் தோட்டமா? ஏம்மா, உன்னை ஓடச் சொன்னேனா, ஊர்வலம் போகச் சொன்னேனா?"

"ஓடித்தான் வந்தேன், கர்னல். ஓடுன ஓட்டத்துல முழங்கால் உரிஞ்சு கிடக்கு."

"அந்த முழங்கால் திரையில காணோமே! புது வருஷம் பொறந்ததுலேர்ந்து இதே கூத்து. எடுத்த படமெல்லாம் பெட்டியில தூங்குது. இதை நியூயார்க்குக்கு அனுப்புனா என் மானம் என்ன ஆகும்? இந்தப் படமும் இப்படியே போச்சுன்னா, உன் இடத்துக்கு வேற பொண்ணு வரும்."

ஹெஸ்டர் உரிந்த முழங்காலைத் தடவிக்கொண்டாள். சான் பெட்ரோ துறைமுகத்தில் மீன் டப்பா அடைக்கிற வேலையிலிருந்து தப்பி வந்தவள் அவள். இன்னும் மழை நாளில் மீன் வாடை அடிக்கிறதா என்று கையை முகர்ந்து பார்ப்பாள். தகரக் கொட்டகையின் மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.

புரொஜெக்டர் அறையிலிருந்து கிழவர் கிளெம் தோளைப் பிடித்துவிட்டபடி எட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவை போடட்டுங்களா?"

"எதுக்கு? சேர்ந்து உக்காந்து அழவா?"

கிளெம் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்.

பின் வரிசையில் ஒருவன் எழுந்தான். கேமராக்காரன் ஆஸ்கர் லிண்ட்குவிஸ்ட். மினசோட்டாவிலிருந்து வந்த ஸ்வீடன்காரன். சிரிப்புப் படம் எடுத்தே சிரிப்பை மறந்தவன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லை, கர்னல். கேமராக் கைப்பிடியை வேகமாச் சுத்துனா திரையில ஆள் மெல்ல நகரும். மெல்லச் சுத்துனா ஆள் ஓடும். இதுல மெல்ல நகருதுன்னா, ஒண்ணு என் கை வேகமாச் சுத்தியிருக்கணும். இல்லேன்னா புரொஜெக்டர் மெல்ல..."

"புரொஜெக்டரா!" கர்னல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சிகாகோவிலேர்ந்து வரவழைச்ச மின்சார மோட்டார்யா அது! இந்த மலைச்சரிவுல இருக்குற எல்லாப் படக் கம்பெனி முதலாளியையும் கூப்பிட்டு, விருந்து வெச்சுக் காட்டுனேன். அது மனுஷன் மாதிரி தடுமாறாது. தடுமாறுனது உன் கை."

"என் கையா? கடிகாரம் மாதிரின்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?"

"மத்தவங்க வரும்போது கடிகாரம். அவ வந்ததும் படபடக்குது." கர்னல் ஆஸ்கரைச் சுற்றி வந்து, மாடு வாங்குகிறவர் போலப் பார்த்தார். "திரையில எத்தனை காதலை நடத்தி வெச்சவன் நான்! எனக்குத் தெரியாதா? யோவ், இது காதல்."

"எனக்கா?" என்றான் ஆஸ்கர், காசநோய் என்று வைத்தியர் சொல்லக் கேட்டவன் குரலில்.

அன்று மாலை வாடகை அறையில் ஆறிப்போன அவரையைக் கிளறியபடி தன்னையே விசாரித்துப் பார்த்தான். அதுவரை ஹெஸ்டரை அவன் நினைத்ததெல்லாம் வெளிச்சத்தை ஒட்டித்தான்: வெளுத்த முகம், கொஞ்சம் மஞ்சள் பவுடர் அப்பினால் படத்தில் நன்றாக விழும். ஆனாலும் சாட்சி சாட்சிதானே. திரையிலேயே தெரிகிறது. மனசுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது. தட்டு காலியாவதற்குள் அவனுக்குத் தன் கையின்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. விடிந்தபோது காதலும் வந்திருந்தது.

மழை விட்ட முதல் காலையில் அதே காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். கை தப்பாமல் இருக்க, சின்ன வயதில் தேவாலயத்தில் பாடிய பாட்டைத் தாளம் தவறாமல் பாடிக்கொண்டே ஆஸ்கர் சுற்றினான். அது அடக்கத்தின்போது பாடுகிற பாட்டு. பீப்பாயில் விழ வேண்டிய காதலன் விழாமல் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டான்.

எப்படியோ எடுத்து முடித்துத் திரையில் போட்டால், ஹெஸ்டர் முன்னைவிடத் தாமதமாக வந்தாள்.

"பாட்டு பத்தாது. அவளைப் பாக்காதே!" என்றார் கர்னல்.

மறுமுறை ஆஸ்கர் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றினான். ஹெஸ்டர் எங்கே நிற்கிறாள் என்று சொல்ல ஆளில்லை. படத்தில் அவளுடைய இடது பாதி மட்டும் விழுந்திருந்தது. அந்தப் பாதியும் மெல்லத்தான் நகர்ந்தது.

"இன்னொரு தடவை போடட்டுங்களா?" என்றார் கிளெம், தோளைத் தடவியபடி.

"யோவ், கிண்டலா?"

வெளியே, மழைக்கு ஒதுங்கிய கூரையடியில், ஹெஸ்டர் ஆஸ்கரிடம் வந்தாள்.

"நாளைக்குக் கடைசித் தடவையாம். அதுவும் போச்சுன்னா மறுபடி மீன்தான். உங்க கையை என்னமாவது பண்ணுங்களேன்!"

"மன்னிச்சுக்கோங்க. அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அவள் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள். யாரும் இதுவரை அதை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி முறை ஆஸ்கர் கணக்கு ஒன்று போட்டான். காதலால் கை எவ்வளவு விரைகிறதோ, அவ்வளவு அதை அடக்க வேண்டும். ஹெஸ்டர் தலைகாட்டியதும் உயிரைப் பிடித்துக்கொண்டு, பாதி வேகத்துக்கும் கீழே சுற்றினான். இனி அவள் திரையில் பறந்தே ஆக வேண்டும்.

கொட்டகையில் விளக்கு அணைந்தது. பீப்பாய். துடைப்பம். நாய். ஹெஸ்டர் ஒரு பூச்சி போலச் சட்டென்று வாசலில் தெரிந்தாள்.

"ஆகா!" என்றார் கர்னல்.

அடுத்த அடியில் அவள் வேகம் குறைந்தது. அதற்கடுத்த அடியில் இன்னும் குறைந்தது. பிறகு, ஒரு காலைத் தூக்கியபடி, கிட்டத்தட்ட நின்றேவிட்டாள். விளக்குச் சூட்டில் அவள் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றிக் கொப்புளமாகி விரிந்தது. முகம் முழுதும் ஓட்டை. புரொஜெக்டர் அறையிலிருந்து புகை வந்தது.

"ஃபிலிம் பத்திக்கிச்சு! ஓடுங்க!"

எல்லாரும் மழைக்குள் ஓடினார்கள். கர்னல் தொப்பியைக் காப்பாற்றத் திரும்பிய வேகத்தில், காதலனுக்காக வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலைகுப்புற விழுந்தார். அன்று கம்பெனியில் சரியான வேகத்தில் நடந்தது அது ஒன்றுதான். அதைப் படம் எடுக்க ஆளில்லை.

அவரை வெளியே இழுத்து நிமிர்த்தினார்கள்.

"உன் காதல் என் ஃபிலிமையே எரிச்சிருச்சேடா, பாவி!" என்று தண்ணீரைத் துப்பினார். "இவ ஒருத்தியால..."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க!" ஆஸ்கர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "அவ ஒழுங்காத்தான் ஓடுனா. என் கைதான் தப்பு. ஆமா, எனக்கு அவ மேல காதல்தான். எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் போயிடுறேன். வேற ஆளை வெச்சு எடுங்க, அவ ஓடுறது தெரியும்."

"போ! இப்பவே போ!" என்றார் கர்னல். "ஏம்மா, நீ இரு."

ஆஸ்கர் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான். சேற்றில் பின்னால் காலடி கேட்டது.

"நில்லுங்க, ஆஸ்கர்."

நின்றான். ஹெஸ்டரின் கண்மை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"எத்தனையோ பேர் படத்துல என் முன்னாடி மண்டி போட்டிருக்காங்க. எல்லாம் சம்பளத்துக்கு. கட்டுன பிறகும் என்னைப் பாத்தா உங்க கை இப்படியே படபடக்குமா?"

"அதை என்னால நிறுத்தவே முடியலை," என்றான் ஆஸ்கர், சத்தியமாக நம்பி.

"அப்ப சரி. எனக்குச் சம்மதம்." அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "வாய் ஆயிரம் சொல்லும். எனக்கு இந்தக் கை போதும்."

அப்போது கிளெம் பொசுங்கிய புருவத்தோடு மழையில் அவர்களிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "என்னை மன்னிச்சிரும்மா, அந்த மோட்டார் கிறிஸ்துமஸுக்கே புகைஞ்சு போச்சு, கர்னல்கிட்டச் சொல்லப் பயந்து அன்னியிலேர்ந்து நான்தான் கையால சுத்திட்டிருக்கேன், மத்தவங்க வந்தா ஒழுங்காத்தான் சுத்துது, நீ வந்தா மட்டும், திரையை விட்டு உடனே போயிடுவியேன்னு இந்தப் பாழாப்போன கை தானா மெல்லமா ஆயிடுது."