சின்னம்மாவின் சீட்டைக் கிழித்த நாள்

ஃபிரிட்ஜைத் திறந்ததும் நோரீனுக்கு ரத்தம் கொதித்தது. ஐஸ் தட்டு காலி. குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள் மூன்றையும் காணோம். காசைக் கொட்டி வாங்கிய ஐரிஷ் வெண்ணெய் இருந்த இடத்தில் நாலு தாமரைக் கிழங்கு சவுகரியமாகப் படுத்திருந்தது.

"சின்னம்மா, தண்ணி எங்க?"

"வெளியில எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் ஷென் சின்னம்மா, கறிகாய் நறுக்கிக்கொண்டே. "புள்ள பெத்தவ ஐஸ் தண்ணி குடிக்கலாமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"புள்ள பெத்துப் பத்து மாசம் ஆச்சு."

"அதைத்தான் சொல்றேன். பத்தே மாசம்."

அந்தப் பத்து மாதப் பிள்ளை கியான் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஏப்ரல் மாதம், வெளியே நல்ல வெயில். அவன் மேல் இரண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் பஞ்சு வைத்த கோட்டு. கையை மடக்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

நோரீனின் கணவன் ஃபெர்கலுக்குச் சீனாவில், சூஜோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர் வேலை. வீடும், வீட்டு வேலைக்கு ஒரு பெண்மணியும் கம்பெனியின் பொறுப்பு. வேலைக்கு வருகிறவரை மட்டுமல்ல, வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அந்த ஊரில் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். செப்டம்பரில் அயர்லாந்திலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் ஷென் சின்னம்மா ஞாயிறு தவிர தினமும் வருகிறாள். பிரமாதமாகச் சமைப்பாள், அதை நோரீனே மறுக்கமாட்டாள். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி ஒரு நாளும் செய்ததில்லை. துணியை மடிக்கச் சொன்னால் அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்குவாள். ஜன்னலைத் துடைக்கச் சொன்னால், "நீ துடை, நான் புள்ளையைப் பாத்துக்கறேன்" என்பாள். நோரீன் துடைப்பாள்.

"என் வீட்டுல நான்தான் வேலைக்காரி மாதிரி இருக்கேன்" என்று ஃபெர்கலிடம் கொட்டித் தீர்த்தாள்.

"வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே."

"நீ சொல்லேன்."

"அந்தம்மாவைப் பாத்தா எனக்குக் கை காலெல்லாம் உதறுது, நோரீன்."

ஆக, நோரீன்தான் சொன்னாள். போனில் மொழிபெயர்ப்பைப் பார்த்து, குளியலறையில் ஏழெட்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டு வந்து நின்றாள்.

"சின்னம்மா, நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

ஷென் சின்னம்மாவின் முகம் அப்படியே இளகிப்போயிற்று. "எனக்கென்ன சிரமம்? பரவாயில்ல பொண்ணே, உனக்கும் நாலு வார்த்தை மரியாதையாப் பேச வந்துடுச்சு" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தாள்.

ஃபெர்கல் ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்தான். "வர வேண்டாம்னு சொன்னா இந்த ஊர்ல அது உபசாரமாம். கையில ஏதாவது பரிசைக் குடுத்து, இத்தனை நாள் செஞ்சதுக்கு நன்றின்னு சொல்லிடு. கணக்கு முடிஞ்சுதுன்னு புரிஞ்சுக்குவாங்க."

நோரீன் தன் பெட்டியிலிருந்து இன்னும் பிரிக்காத கம்பளிச் சால்வையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். ஷென் சின்னம்மா மூன்று தடவை வேண்டாம் என்றாள், நாலாவது தடவை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கக்கத்தில் உயிரோடு ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ செஞ்சதுக்கு நான் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? சூப்பு வச்சுத் தர்றேன். உன் முகத்துல ரத்தமே இல்ல."

கோழி இரண்டு நாள் குளியல் தொட்டியில் குடியிருந்தது. இரண்டு நாளும் நோரீன் குளிக்கவில்லை. மூன்றாம் நாள் சூப்பு வந்தது. கடுங்கோபத்தோடு இரண்டு கிண்ணம் குடித்தாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கியான் தவழ்ந்து போய் மேஜைக் காலில் முட்டிக்கொண்டான். வீறிட்டு அழுதான். நோரீன் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அவனோ அவளைச் சுற்றிக்கொண்டு, மூக்கு ஒழுகத் தவழ்ந்து போய், ஷென் சின்னம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே நோரீன் கதவுப் பூட்டின் ரகசிய எண்ணை மாற்றினாள்.

காலை ஏழரை மணி. வெளியே எண்ணை அழுத்தும் சத்தம். பூட்டு மறுத்துக் கூவியது. மறுபடி அழுத்தல், மறுபடி கூவல். ஷென் சின்னம்மா கதவைத் தட்டினாள், போன் அடித்தாள். நோரீன் அசையவில்லை. குழந்தையை ஒரே ஒரு பனியனோடு மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தம்ளர் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஏழு மாதத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் அனுபவித்ததில்லை. அது கால் மணி நேரம் நீடித்தது.

"உள்ள கேஸ் கசிஞ்சு மயங்கிக் கிடக்கறாங்களோ என்னவோ. பச்சப் புள்ள இருக்குய்யா. உடைங்க." கதவுக்கு வெளியே ஷென் சின்னம்மாவின் குரல்.

நோரீன் எழுந்து ஓடுவதற்குள் பூட்டைத் துளைத்துவிட்டார்கள். வாசல் காவலாளி, குடியிருப்பு அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர், பூட்டுக்காரர் என்று நாலு பேர் உள்ளே பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஷென் சின்னம்மா. ஜன்னல்களைத் திறந்தாள், நோரீனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லியா?"

நாலு ஆண்களும் ஐஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் கைரேகை வைத்துத் திறக்கும் புதுப் பூட்டு வந்துவிட்டது. முதல் ரேகை ஷென் சின்னம்மாவுடையது. இரண்டாவது காவலாளியுடையது, ஆத்திர அவசரத்துக்கு. நோரீனுடையது மூன்றாவது.

அவ்வளவுதான். நோரீன் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெளிநாட்டுக் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும் லூ என்ற பெண் கோப்பும் கையுமாக வெள்ளிக்கிழமை வந்தாள்.

"இன்னிக்கே சீட்டைக் கிழிச்சாகணும்" என்றாள் நோரீன். "என் கண்ணு முன்னாலயே."

"கவலைப்படாதீங்க மேடம். நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன்."

ஷென் சின்னம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் அமர்ந்தாள். கியான் அவள் மடியில் ஏறிக்கொண்டான். நோரீன் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். தண்ணீர், வெண்ணெய், பஞ்சுக் கோட்டு, கோழி, பூட்டு. லூ ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள்.

"மெதுவா சொல்லு. அவசரமில்ல" என்றாள் ஷென் சின்னம்மா.

கடைசி வரிக்கு வந்ததும் நோரீன் தாளைக் கீழே வைத்தாள். "அப்புறம் என் புள்ள. விழுந்து அழுதா உங்ககிட்டதான் வர்றான்."

லூ அதையும் மொழிபெயர்த்தாள்.

"தண்ணி விஷயத்துல நான் செஞ்சதுதான் சரி" என்றாள் ஷென் சின்னம்மா. "பூட்டு விஷயத்துல உன் பக்கம் நியாயம் இருக்கு. புள்ள விஷயம்..." கியானைத் தூக்கி நோரீனின் மடியில் வைத்தாள். "அதுல எனக்கு எந்த உரிமையும் இல்ல."

சமையலுக்கு இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து ஓரம் சேர்த்து மடிக்க ஆரம்பித்தாள். நோரீனுக்கு என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"லூ, வேலையை விட்டு நிறுத்தறோம்னு முறைப்படி சொல்லிடு."

லூ கோப்பைப் புரட்டினாள். முன்னாலும் பின்னாலும் புரட்டினாள். ஷென் சின்னம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அவள் உள்ளூர்ப் பேச்சில் நாலைந்து வாக்கியத்தில் பதில் சொன்னாள். லூ கோப்பை மூடிவிட்டு மெதுவாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மேடம், நாங்க அனுப்பின சின்னம்மா, வீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்குன்னு முதல் நாளே திரும்பிப் போயிட்டாங்களாம், இவங்க உங்க மேல் வீட்டுக்காரங்க, ரிட்டயர்டு ஜட்ஜ், நீங்க குடிவந்த அன்னிக்கு சாமான் இழுக்கற சத்தம் தாங்காம சண்டை போட வந்தாங்களாம், கதவைத் திறந்த நீங்க புள்ளையை அவங்க கையில குடுத்துட்டு உள்ள போயிட்டீங்களாம்."