நான் ஓகே சொல்லவில்லை

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனிமேல் என் வாயிலிருந்து 'ஓகே' என்ற சொல் வராது. மௌத்தானாலும் வராது. மௌத்தானால் எப்படியும் வராதுதான். உயிரோடு இருக்கும்போதே வராது என்று சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். கல்யாணம் முடித்தவராக இருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராது.

போர்த்துக்கீசன் இந்த நாட்டை விட்டுப் போகும்போது பாணையும் அலுமாரியையும் கதிரையையும் விட்டுப்போனான். தின்னலாம், பூட்டலாம், உட்காரலாம். ஒல்லாந்தன் எங்கள் கற்பிட்டியில் ஒரு கோட்டையை விட்டுப்போனான். வெளியூர்க்காரர்கள் வந்து அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் விட்டுப்போனது இந்த இரண்டெழுத்தை. அதில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் இருந்தால் சமாளிக்கலாம். என் கருவாட்டு வாடிக்குள் லொறியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் 'ஓகே, ஓகே, ஓகே' என்பான். வா என்று அர்த்தம். பிறகு ஒரு 'ஓகே' சொல்வான். நில் என்று அர்த்தம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு புது டிரைவர் என் மதிலைத் தள்ளிவிட்டான். இறங்கி வந்து மதிலைப் பார்த்து, "ஓகே மொதலாளி" என்றான். அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம். சிலாபத்து வியாபாரி 'ஓகே, ஓகே' என்று தலையாட்டினால் இந்த விலைக்கு எடுக்கமாட்டான். டாக்டர் 'ஓகே' என்றால் எழும்பி வெளியே போகவேண்டும். என் மனைவி றிஸ்மியா தொலைபேசியில் 'ஓகே, அப்ப வெக்கிறன்' என்று சொன்னால் இன்னும் அரைமணி நேரம் பேசப்போகிறாள். என்னிடம் வெறும் 'ஓகே' என்று சொன்னால் அன்று ராத்திரிச் சாப்பாட்டை நானே போட்டுத் தின்னவேண்டும்.

இத்தனை பொருள் உள்ள சொல் என் வாயில் மட்டும் ஒரே பொருளைத்தான் தந்தது. சம்மதம்.

கொல்லையில் என் வாப்பா நட்ட முருங்கை மரம், கம்பளிப்பூச்சி பிடித்ததென்று, ஓர் ஓகேயில் போனது. நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "மரத்துல மசுக்குட்டி, வெட்டுவமா, ஓகேயா?" என்றாள். கடைசி ஓவர். ஓகே என்றேன். என் மோட்டர் சைக்கிளும் அப்படியேதான் விலைபோனது. இப்போது அவளுடைய றோஸ் நிற ஸ்கூட்டியில்தான் வாடிக்குப் போய்வருகிறேன். புத்தளம் போனால் பாலாவிச் சந்தியில் சிமெந்து லொறிக்காரர்கள்கூட எனக்கு வழிவிடுகிறார்கள்.

எல்லாம் போன பிறகு மிஞ்சியது முன் அறை. களப்புத் தண்ணீரைப் பார்த்த யன்னல், ஒரு சாய்மனைக் கதிரை, தலைக்கு மேல் ஒரு காற்றாடி. வாடியில் காலையிலிருந்து கருவாட்டோடும் கடனாளிகளோடும் மாரடித்துவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வந்து அதில் விழுந்தால்தான் நான் மனிதன். இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல வேறொன்றுமில்லை. அந்த அறைக்குத்தான் இப்போது கண் வைத்தாள்.

"றுஷ்னாட வாப்பா," என்று ஆரம்பித்தாள். றுஷ்னா எங்கள் மகள். கல்யாணம் முடித்துப் புத்தளத்தில் இருக்கிறாள். மகளின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டால் ஏதோ பறிபோகப் போகிறது. "முன் அறையில ரெண்டு ஜூக்கி மெஷின் போடுவமா? அபாயா தைக்கலாம். ஊருல நல்ல தையல்காரி இல்ல. ஓகேயா?"

ஓகே தொண்டை வரை வந்துவிட்டது. தேத்தண்ணியைக் குடித்து உள்ளே தள்ளினேன்.

நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அபாயா தைக்க வருவது பெண்கள். எங்கள் ஊரில் வெளிப்பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஆம்பிளை எழும்பி உள்ளே போய்விடவேண்டும். அவள் போகும்வரை முன்பக்கம் வரக்கூடாது. அதனால் போகப்போவது அறை மட்டுமல்ல. வாசலும் போகப்போகிறது. என் சொந்த வீட்டுக்குள் பின்னால் குசினிக் கதவால், கோழிக்கூட்டைச் சுற்றி, இருமிக்கொண்டு நுழையவேண்டிவரும். அப்படியொரு வாழ்க்கையை நினைத்தபோது உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது.

யோசித்து ஒரு நல்ல பதிலைச் சொன்னேன். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் நழுவுவதற்கு எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்வது.

"இன்ஷா அல்லாஹ்."

அவள் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப முடிஞ்சிச்சி."

"எங்க முடிஞ்ச? நான் இன்ஷா அல்லாஹ்ண்டுதானே சொன்ன?"

"அல்லாஹ்ட பேரச் சொல்லிட்டு இனி இல்லண்டு சொல்லுவீங்களா? பயமில்லையா உங்களுக்கு?"

"நான் அந்தக் கருத்துல சொல்லல்ல."

"அப்ப சும்மா சொன்னீங்களா? அல்லாஹ்ட பேர சும்மா சொன்னீங்களா?"

நான் மூன்று தடவை தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாடிக்கு ஓடினேன்.

வாடியில் கதிரவேலு இருந்தார். உடப்பிலிருந்து எனக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். என்னை விட வயது குறைவு, ஆனால் கல்யாணம் முடித்து என்னை விடக் கூடக் காலம். அனுபவஸ்தர் என்று அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு கட்டாக் கருவாட்டை எடுத்துக் காட்டினார்.

"நானா, இது என்னத்தால செத்திச்சு எண்டு தெரியுமா?"

"வலையில பட்டு."

"இல்ல. தூண்டில்ல பட்டு. வாயைத் திறந்ததால. நீங்க வாயைத் திறக்காதீங்க. ஓகேயும் வேணாம், இன்ஷா அல்லாஹ்வும் வேணாம். கேட்டா கேட்டுக்கொண்டு இருங்க. வாயிலயிருந்து சொல்லு வராம ஆரும் ஒண்டும் எடுக்க ஏலாது."

"உங்கட வீட்டுல அப்பிடித்தான் செய்யிறீங்களா?"

கதிரவேலு தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் ஊமை. வாடியிலிருந்து வந்ததும் சாய்மனைக் கதிரையில் படுத்து அறைக்குக் காவல் இருந்தேன். றிஸ்மியா வந்தாள்.

"மெஷின யன்னல் பக்கம் போடுவமா, சுவர் பக்கம் போடுவமா?"

நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"யன்னல் பக்கந்தான் வெளிச்சம், என்ன?"

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தக் கதிரைய எங்க போடுற?"

கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எனக்கு உயிரான இனிப்பு, வட்டிலப்பம் செய்துகொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். வட்டிலப்பத்துக்கு மட்டும் வாயைத் திறந்தேன். அதை விழுங்கியவுடன் மூடிவிட்டேன். "நல்லா இரிக்கா?" என்று கேட்டாள். அதற்குக்கூடப் பதில் இல்லை. நல்லாத்தான் இருந்தது. சொன்னால் அதையும் ஓகேயில் சேர்த்துவிடுவாள் என்ற பயம்.

கடைசியில் ஒருநாள் என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் எத்தினையோ தரம் கேட்டுட்டன். நீங்க ஒண்டுமே சொல்லல்ல. சரிதானே?"

நான் பேசாமல் இருந்தேன்.

"சரி," என்று போய்விட்டாள்.

வெற்றி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து முதல் வெற்றி. அன்று என்னையறியாமல் கொஞ்சம் குறட்டையும் விட்டேன்.

குறட்டை பாதியில் நின்றது. வாசலில் ஸலாம் சொல்லும் சத்தம். கண்ணைத் திறந்தால் அடுத்த ஒழுங்கை அஸ்ரியா டீச்சர், கையில் ஒரு கறுப்புத் துணிச்சுருளோடு நிற்கிறார். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். நான் சாரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். வேறென்ன செய்வது? ஊரில் மரியாதையாக வாழ்ந்தவன். தலையைக் குனிந்துகொண்டு ஸலாத்துக்குப் பதில் சொல்லி, குசினி வழியாகக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது முன் வாசலால் எதையோ அறைக்குள் இழுத்துவரும் சத்தம் கேட்டது. பாரமான ஏதோ ஒன்று. பிறகு இன்னொன்று. அதன் பிறகு என் சாய்மனைக் கதிரை குசினிக் கதவால் வெளியே வந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

உள்ளே போய்ச் சத்தம் போடவா? பெண்கள் இருக்கிறார்கள். இருமிப் பார்த்தேன். "றுஷ்னாட வாப்பாக்கு இருமல்," என்று உள்ளே சொல்லிக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள். கொத்தமல்லித் தண்ணி வந்தது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அதைக் குடித்துக்கொண்டு கோழிகளோடு நின்றேன்.

அவர்கள் போன பிறகு முன் அறைக்கு ஓடினேன். யன்னல் பக்கம் ஒரு ஜூக்கி. சுவர் பக்கம் ஒரு ஜூக்கி. இதை விடக்கூடாது என்று றிஸ்மியா 'நானா' என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் ரஸாக்கைக் கூப்பிட்டனுப்பினேன். ரஸாக் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்கிறவர். தங்கை என்றும் பார்க்கமாட்டார், நியாயத்தைத்தான் பார்ப்பார்.

வந்தார். மெஷின்களைப் பார்த்தார். குசினிக் கதவால் கொல்லைக்குப் போய் என் கதிரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மச்சான்."

"என்னட சம்மதம் இல்லாம உங்கட தங்கச்சி என்னட அறைய எடுத்துட்டா. நான் ஓகே சொல்லல்ல. ஒரு தரமும் சொல்லல்ல. வேணுமெண்டா அவட்டயே கேளுங்க."

ரஸாக் தங்கையைப் பார்த்தார்.

"மெய்தான் நானா. ஓகே சொல்லல்ல," என்றாள். என் நெஞ்சு குளிர்ந்தது.

"அப்ப வேணாமெண்டு சொன்னாரா?"

"அதும் சொல்லல்ல. கேட்டுட்டுப் பேசாம இருந்தாரு. எத்தினையோ தரம் கேட்டன் நானா. அப்பவும் பேசாமத்தான் இருந்தாரு."

ரஸாக் தாடியைத் தடவினார்.

"மச்சான், றுஷ்னாட நிகாஹ்ல வலியா, புள்ளக்குப் பொறுப்பா நின்டது ஆரு?"

"நான்தான்."

"உள்ளுக்குப் போய்ப் புள்ளட்டக் கேட்டீங்கதானே? புள்ள என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல. குனிஞ்சிட்டு இருந்தா."

"வெளியில வந்து சபையில நீங்க என்ன சொன்னீங்க?"

கொத்தமல்லித் தண்ணிக் கோப்பையை எடுத்தேன். அது முடிந்துபோயிருந்தது.

"சொல்லுங்க மச்சான்."

"சம்மதமெண்டு சொன்னன்."

"அவ்வளவுதான். ஒரு வாழ்க்கைக்கே பேசாம இருந்தது போதுமெண்டா, ஒரு அறைக்கு என்ன?"

"மச்சான், அது வெக்கப்படுற புள்ள. நான் கருவாட்டு யாவாரி."

"வெக்கத்துல யாவாரியெண்டும் புள்ளயெண்டும் இரிக்கா?" என்று எழும்பிவிட்டார். போகும்போது, தன் மனைவிக்கு இரண்டு அபாயா தைக்கவேண்டும், அளவை நாளைக்கு அனுப்புகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இருந்த நம்பிக்கையும் அதோடு போய்விட்டது. ஆனாலும் தோற்றவனுக்கும் ஒரு ரோஷம் இருக்குமே. றிஸ்மியாவைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் பேசாம இருந்ததால எடுத்த எண்டு வெப்பம். அண்டைக்கே நான் ஏலாதெண்டு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"என்ன செய்யிற? மெஷின் ரெண்டும் ஒரு மாசமா நானாட வீட்டுலதானே இருந்திச்சி. பெருநாளைக்குத் தைக்கத் துணியும் எடுத்தாச்சி."

"நீ என்னட்டக் கேக்க முந்தியா?"

"கேக்க முந்தித்தான்."

மெதுவாகக் கேட்டேன்.

"முருங்க மரம்?"

"அண்டைக்குக் காலையிலயே வெட்டியாச்சி. நீங்க கொல்லைப் பக்கம் போகல்ல."

"மோட்டர் சைக்கிள்?"

"அது நீங்க ஓகே சொல்ல முதல் கிழமையே வெல பேசி முடிச்ச."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் நான் கொடுத்த ஓகேயெல்லாம் எதற்கு? அந்தச் சொல்லுக்குப் பயந்து, அதை மூடிவைத்து, ஊமையாகப் படுத்துக் காவல் காத்தது எதற்கு? நான் ஓகே என்றாலும் மரம் விழுந்திருக்கும், ஓகே என்னாவிட்டாலும் விழுந்திருக்கும்.

"அப்ப என்னத்துக்கு எந்த நாளும் ஓகேயா, ஓகேயா எண்டு என்னட்ட வந்து கேட்ட?"

றிஸ்மியா என்னை அன்போடு பார்த்தாள். அது உண்மையான அன்புதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கேக்காட்டி நீங்க கவலப்படுவீங்களே," என்றாள்.

கவலைப்படலாம் என்றுதான் பார்க்கிறேன். எங்கே உட்கார்ந்து படுவது என்றுதான் தெரியவில்லை.