இரவல் பண்ணை

வேலாயுதத்தின் மாடு சாந்தமேரியின் வேலிக்குள் வர மறுத்தது.

"இழுங்க அண்ணே! அந்த ஐயா பாலத்துக்கிட்ட வந்துட்டாராம்!"

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது என்னைப் பாக்குற பார்வையைப் பாரு. 'என்னை வித்துட்டியாடா'ன்னு கேக்குது."

சாந்தமேரி பின்னால் போய்த் தள்ளினாள். மாடு உள்ளே வந்தது. வந்ததும் அவளுடைய கீரைப் பாத்தியில் ஒரு வாய் மேய்ந்தது.

ரப்பர் விலை விழுந்து மலாயாவில் ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த காலம். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த கணவர் இறந்தபின், கிள்ளானுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் கீரையும் பாகற்காயும் போட்டுத் தனியாகப் பிழைத்து வந்தாள் சாந்தமேரி. இப்போது கம்பம் என்கிற அந்தச் சிற்றூர் முழுக்க ஒரே பேச்சு. சின்ன நிலக்காரர்களைப் பார்க்கக் கவர்மென்டு ஆள் வருகிறாராம். நிலத்தை வைத்துத் தாமே பிழைக்க முடியாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"அவரைக் கிள்ளான்ல அடக்கம் பண்ணிட்டு நான் மட்டும் கப்பல் ஏறுறதா? நடக்காது" என்று சாந்தமேரி சொல்லிவிட்டாள். சொன்னபிறகு அந்தோணியாரிடம் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கப் புறப்பட்டாள்.

வேலாயுதம் மாட்டோடு நாலு பூசணிக்காயும் கொடுத்தார். அடுத்த நிலத்து டொரத்தி தன் கோழிகளைக் கொடுத்தாள். கோழிகள் உடனே வீட்டுக்குத் திரும்பி ஓடின. பிடித்து வந்து காலைக் கட்டிப் போட்டார்கள்.

"பூசணியை எங்கக்கா வைக்கிறது?" என்றாள் டொரத்தி.

"பந்தலுக்குக் கீழ வை."

"அது பாகக்காப் பந்தலாச்சே!"

"கவர்மென்டு ஆளுக்கு அதெல்லாம் தெரியுமா? வச்சுட்டு ஓடு!"

வேலாயுதமும் டொரத்தியும் குடிசைக்குப் பின்னால் மறைந்துகொண்டார்கள்.

வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் குடை. வந்தவர் வேலிக்கு வெளியே தயங்கி நின்றார்.

"என்ர பேர் தியாகராசா, தங்கச்சி. கோலாலம்பூரிலயிருந்து வாறன். உங்கட நிலத்தை ஒருக்காப் பாக்கலாமோ?"

"வாங்கய்யா. எல்லாம் செழிப்பா இருக்கு."

அவர் சுற்றிப் பார்த்தார். பந்தலின் கீழ் குனிந்து பூசணியைத் தொட்டார். அது உருண்டு போனது.

"கொடியில இல்லையோ?"

"பழுத்தா தானா விழுந்துடும்யா."

"கோழியளின்ர கால் ஏன் கட்டியிருக்கு?"

"சண்டை போடுதுங்கய்யா."

அவர் தலையாட்டினார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. அதுதான் சாந்தமேரிக்குப் பயமாக இருந்தது. எழுதக்கூட வேண்டாத அளவுக்கா நம் நிலம் மோசம்?

"பால் குடிக்கிறீங்களாய்யா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"தந்தால் குடிப்பன்."

சாந்தமேரி வாழ்நாளில் பால் கறந்ததில்லை. செம்பை எடுத்துக்கொண்டு மாட்டின் அருகே உட்கார்ந்தாள். மாடு ஒரே உதை. செம்பு பறந்துபோய்க் குடிசைக்குப் பின்னால் விழுந்தது.

"ஐயோ என் மண்டை!" என்றபடி வேலாயுதம் வெளியே வந்தார்.

"இது ஆர்?"

"மாட்டுக்கு வச்சிருக்கிற ஆளுய்யா" என்றாள் சாந்தமேரி.

வேலாயுதம் அவளை முறைத்தார். பிறகு உட்கார்ந்து பால் கறந்தார்.

அதற்குள் ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓட, "ஐயோ, என் முட்டைக்கோழி!" என்று டொரத்தி பாய்ந்து வந்தாள்.

"இது?"

"கோழிக்கு வச்சிருக்கிற ஆளுய்யா."

"எத்தினை பேர் உங்களிட்ட வேலை செய்யினம், தங்கச்சி?"

"இன்னும் எத்தனை பேர் பின்னால இருக்காங்களோ, சொல்ல முடியலய்யா" என்றார் வேலாயுதம், மண்டையைத் தடவிக்கொண்டு.

தியாகராசா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் கேள்விகளை நிறுத்தவில்லை. கிணறு வற்றுமோ, பாம்பு வருமோ, மண்வெட்டி பிடித்துப் பழகாத கை காய்ப்புக் காய்க்க எத்தனை நாளாகும் என்றெல்லாம் கேட்டார். பால் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். குடித்த வேகத்தைச் சாந்தமேரி கவனித்தாள். கவர்மென்டு ஆளானாலும் பசி பசிதானே. தன் மதியத்துக்கு வைத்திருந்த கஞ்சியையும் பாகற்காய் வறுவலையும் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

"உங்களுக்கு?"

"நான் சாப்பிட்டாச்சுய்யா."

அதுவும் பொய்தான். ஆனால் அன்று அவள் காட்டியவற்றில் இரவல் இல்லாதது அந்தக் கஞ்சி ஒன்றுதான்.

அவர் போனபிறகு சாந்தமேரிக்கு நிம்மதியில்லை. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் கண்முன்னே அந்தப் பூசணிக்காய் உருண்டது. இத்தனை பொய்யின்மேல் நிற்கிற குடிசை எப்படி நிற்கும்? அடுத்த முறை அந்த ஐயாவைக் கண்டால் உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு கர்த்தர் விட்ட வழி என்று முடிவு செய்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாட்டுவண்டி அவள் வேலியோரம் வந்து நின்றது. தூரத்தில் தியாகராசாவின் குடை தெரிந்தது.

கப்பலுக்குக் கூட்டிப்போகத்தான் வண்டி என்று சாந்தமேரிக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. சேலைகளையும் அந்தோணியார் படத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வண்டிக்காரன்முன் வந்து நின்றாள்.

"ஐயாகிட்ட சொல்லிடு தம்பி. மாடு, கோழி, பூசணி எல்லாம் இரவல். அந்த ரெண்டு பேரும் என் வேலையாளு இல்ல, நல்ல மனசுக்காரங்க. அவங்களை ஒண்ணும் பண்ண வேணாம். கணக்குல உள்ளபடியே எழுதிக்கட்டும். கல்லறையில ஒரு மெழுகுவர்த்தி வச்சுட்டு நானே வந்துடுறேன்."

வண்டிக்காரன் அவளையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்தான். வண்டிக்குள்ளே இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புது மண்வெட்டியும் இருந்தது.

"கணக்கா? ஐயாவுக்கே ஆபீஸ்ல வேலை போயி ரெண்டு மாசமாச்சும்மா! மாடு இரவல்னு அவருக்கு அன்னைக்கே தெரியுமாம். கஞ்சி குடுக்கிற வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா புள்ளைங்க பட்டினி கிடக்காதுன்னுதான் இந்தப் பக்கத்து நிலத்தைப் புடிச்சிருக்காரு!"