எட்டேகால் பஸ்ஸில் ரோமாபுரி

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸில் ஒரு வாரம் ஏறியவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், கிறிஸ்தவ சமயம் ஆதியில் எப்படிப் பரவியது என்று சொல்லிவிடுவார். கண்டக்டர் 'காரணம்' செய்த வேலை அது.

நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வருஷம் தவறாமல் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற அந்த மனிதர், தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். எல்லாத் தாளும் தேறியாயிற்று. ரோமாபுரி வரலாற்றுத் தாள் மட்டும் மூன்று முறை காலை வாரியது. மூன்று முறையும் அதே கேள்வி: கிறிஸ்தவம் விரைவாகப் பரவியதற்குக் காரணங்கள் யாவை?

அதனால் டிக்கெட் கிழித்தபடியே காரணங்களை ஒப்பிப்பார். பஸ் பள்ளத்தில் இறங்கினால், “ரோமாபுரிக்காரன் ரோடு போட்டான், சீடருங்க நடந்தாங்க. இந்த ரோடா இருந்தா அங்கிட்டே நின்னுருப்பாங்க” என்பார். சபைகளுக்குள் கடிதங்கள் கைமாறியதை விளக்க, முன்சீட்டிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். பின்சீட்டுக்குப் போவதற்குள் அதில் ஒரு கல்யாண அழைப்பும் ஆட்டு விலையும் சேர்ந்திருந்தன. அதைப் படித்துக்கொண்டிருந்த நான் இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

ஆவூர்க்கார டீச்சர் ஒருவர் தினமும் எங்களோடு வருவார். பரம்பரைக் கத்தோலிக்கர். ஒருநாள் அவர் கேட்டார்: “ரோடு, பாஷை, கடுதாசின்னு எல்லாஞ் சொல்றீங்க. ஒரு மனுசன் எதுக்கு அதுல போயி சேந்தான்னு சொல்லலையேங்க?”

அன்று திருச்சி வரை கண்டக்டர் டிக்கெட் மட்டும் கிழித்தார்.

நான்காவது பரீட்சை. அதுதான் கடைசி வாய்ப்பு. லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அதே பஸ்ஸில் பயணியாக வந்தார். பாதி வழியில், சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் காய்ச்சலில் வாந்தியெடுத்துச் சரிந்தாள். கூட வந்தவர்கள் யாருமில்லை. சுற்றியிருந்த சீட்டுகள் நொடியில் காலியாயின. காலியாக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் மட்டும் போய் உட்கார்ந்து, அவள் தலையைத் தாங்கி, தண்ணீர் புகட்டினார். பெரியாஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தச் செய்து தூக்கிக்கொண்டு இறங்கினார். டீச்சரும் இறங்கினார்.

“நான் பாத்துக்கிறேன். நீங்க பரீட்சைக்குப் போங்க.”

அரை மணி தாமதம். கறைச் சட்டையோடு ஹாலுக்குள் ஓடியிருக்கிறார். அதே கேள்வி. மனப்பாடம் செய்ததையெல்லாம் நாலு வரியில் முடித்துவிட்டு, ரோமாபுரியில் கொள்ளைநோய் வந்தபோது சொந்தக்காரர்களே ஓடியதையும், கிறிஸ்தவர்கள் ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்ததையும், பிழைத்தவர்கள் அந்தக் கையை விடாததையும் மூன்று பக்கம் எழுதினாராம்.

முதல் வகுப்பு மார்க். ரிசல்ட் வந்த காலையில் டிரைவர் கீரனூரிலிருந்து திருச்சி வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டுக்காரர்கள் மாலை போட்டார்கள். வேலைக்குத் திரும்பியிருந்த அந்தச் சித்தாள் பெண் பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆண்டவரும் ஒரு காரணந்தாங்க” என்றார். “அத மொதல் வரியிலயே எழுதிட்டேன் டீச்சர்” என்றார் காரணம்.

நான் பைக் வாங்கி ஒரு வருஷமாகிறது. வாரத்தில் நாலு நாள் அது வீட்டில்தான் நிற்கிறது.