மூக்கால் உயிர் காத்த கிராணியார்

உலகத்தில் எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போயிருக்கின்றன. ஜனங்கள் பட்டினியில் சாகாமல் பார்த்துக்கொண்ட அரசாங்கம் உண்டு. காய்ச்சலில் சாகாமல் பார்த்துக்கொண்ட அரசாங்கமும் உண்டு. ஆனால் ஒரு மனிதன் கள்ளைக் குடித்துவிட்டுச் சம்பான் படகிலிருந்து தவறி விழுந்து செத்துப்போய்விடக் கூடாதே என்று உருகி உருகிப் பாடுபட்ட அரசாங்கம், தேடிப் பார்த்தாலும் ஒன்றுதான் கிடைக்கும். மலாயாவில் கெடாவை ஆண்ட ஜப்பான் அரசாங்கம்! அப்போது அரிசி இல்லை. உப்பு இல்லை. கட்டத் துணி இல்லாமல் ஜனங்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் சில்லறை விஷயம். படகுப் பயணத்தின் பாதுகாப்பல்லவா முக்கியம்?

இந்த மகத்தான சேவை நடந்த இடம் மெர்போக் ஆற்றங்கரை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும். அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள் கள்ளுக்கடை, கடைக்குப் பின்னால் லாரி போகிற சாலை. நடுவில் ஆறு. ஆற்றில் முதலை. முதலைக்கு மேலே படகோட்டி அம்மாசியின் சம்பான்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. மரத்தைக் கீறிப் பால் வெட்டும் வேலை நின்றுபோனது. ஆண்கள் காலையில் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள், மத்தியானம் அக்கரைக்குப் போய்க் கள் குடித்தார்கள், பொழுது சாயச் சாயப் பாடிக்கொண்டே சம்பானில் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒரு நாள், பாட்டுக்குத் தகுந்தபடி சம்பானும் ஆட, கரையில் நின்றிருந்த ஒகாவா மாஸ்டரின் பூட்ஸுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒகாவா மாஸ்டர்தான் அந்த வட்டாரத்து ஜப்பான் அதிகாரி. "பாக்கேரோ!" என்றார். 'முட்டாளே' என்று திட்டும் அந்த வார்த்தைதான் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஜப்பான் வார்த்தை. கன்னத்தில் அறையோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்ததால் யாருக்கும் மறக்கவில்லை.

ஈரமான பூட்ஸ் காய்வதற்குள் சட்டம் பிறந்துவிட்டது.

பெற்றெடுத்த புண்ணியவான், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி சீனிவாசகம். துரை இருந்தபோது துரையைப்போலத் தொப்பி வைத்திருந்தவர். இப்போது ஜப்பான்காரனைப்போலத் தலையை மொட்டையடித்திருந்தார். யார் ஆண்டாலும் கிராணியாரின் தலை நாட்டுக்காகவே இருந்தது. அவர் எல்லாரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டி வைத்து அறிவித்தார்.

"குடிச்சவன் எவனும் சம்பான்ல ஏறக்கூடாது. சம்பான்ல ஏறுனவன் எவனும் குடிக்கக்கூடாது. எல்லாம் உங்க உசுரக் காப்பாத்தத்தான். மீறுனா..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மீறுனா சயாம்."

சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அங்கே வசதி அவ்வளவு நன்றாக இருப்பதால் திரும்ப மனம் வரவில்லை என்று கிராணியார் ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

கூட்டத்தில் நின்ற சிகப்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சின்னையா. அவள் புருஷன். லாரி வந்தபோதெல்லாம் சதுப்பு மரங்களின் வேருக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் பதுங்கித் தப்பித்தவன். மீனைப்போல நீந்துவான். மீனைப்போலவே குடிப்பான்.

"ஏங்க கிராணியாரே, கடைய மூடிட்டா வேலை முடிஞ்சிச்சில்ல?" என்று கேட்டாள்.

"கடைக்கு லைசன்ஸ் குடுத்ததே கவர்மெண்டுதாம்மா. குடிக்கிறது தப்பே இல்ல. தாராளமா குடிக்கலாம்லா. குடிச்சிட்டு வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்."

"அப்ப அந்த மனுசனுங்க எங்க போவானுங்க?" என்றாள் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள்.

"தெளியிற வரைக்கும் அக்கரையிலேயே இருக்கட்டும். காத்தோட்டமான எடம்."

சட்டம் அன்றைக்கே அமலுக்கு வந்தது. கிராணியார் தினமும் அக்கரைத் துறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார். சம்பானில் ஏற வருகிறவன் அவர் முன்னால் குனிந்து "ஹா" என்று ஊத வேண்டும். கிராணியார் முகர்வார். கண்ணை மூடுவார். தீர்ப்புச் சொல்வார். பெரிய பெரிய கருவிகள் செய்ய முடியாத காரியத்தை, கடவுள் கொடுத்த ஒரு மூக்கை வைத்துச் செய்துகாட்டிய மேதை அவர்.

சிக்கல் என்னவென்றால், தெளிகிற வரைக்கும் உட்கார வேண்டிய இடம் கள்ளுக்கடை வாசல்.

"யோவ்!" என்று இக்கரையிலிருந்து சிகப்பி கத்துவாள். "தெளிஞ்சிருச்சா இல்லியா?"

"பாதி தெளிஞ்சிருச்சு புள்ள!"

"மீதிய என்னய்யா பண்றே?"

"மீதி தெளியிற வரைக்கும் சும்மா ஒக்கார முடியுமா? இன்னொரு கோப்பை சொல்லியிருக்கேன்!"

இப்படியே பொழுது போகும். டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்த கடிகாரம் வேறு எதையும் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். போதையை மட்டும் சீக்கிரம் தெளியவைக்க அதற்குத் தெரியவில்லை. ஆண்கள் அக்கரையிலேயே படுத்தார்கள், அங்கேயே எழுந்தார்கள். பெண்கள் அவித்த மரவள்ளியைச் சம்பானில் அனுப்பினார்கள். கிழங்கு குடிக்காது, ஆகையால் அதற்குத் தடையில்லை.

சிகப்பி சும்மா இருக்கிறவள் அல்ல. ஒரு பிடி கொய்யாக் கொழுந்தை மடியில் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். சின்னையாவை அதை மென்று தின்ன வைத்தாள். அவன் கிராணியார் முன்னால் ஊதினான்.

கிராணியார் முகர்ந்தார். "இது என்னடா வாசம்?"

"கொய்யா எலைங்க. வவுத்தால போவுது."

மூக்கு தோற்றது. சின்னையா வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் அக்கரையில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் வயிற்றால் போனது. தோட்டத்துக் கொய்யா மரங்கள் மொட்டையாகி, தூரத்திலிருந்து பார்த்தால் கிராணியாரைப்போலவே நின்றன.

மேதைகளை அப்படி ஏமாற்றிவிட முடியாது. சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது: கொய்யா இலை வாசம் அடிப்பவரும் குடித்தவரே. இந்தத் திருத்தத்தில் முதலில் மாட்டியது பிச்சையம்மாள். ஜென்மத்தில் கள்ளைத் தொடாதவள், அக்கரையில் மகளைப் பார்க்கப் போன இடத்தில் நிஜமாகவே வயிற்றால் போய்க் கொழுந்தைத் தின்றுவிட்டாள். ஒரு பகலும் ஓர் இரவும் குடிகாரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, குடிக்காமலே தெளிந்து, வீடு திரும்பினாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார் கிராணியார்.

"நாசமாப் போற நல்லது" என்றாள் பிச்சையம்மாள். காதில் விழாத தூரம் வந்த பிறகுதான்.

கொய்யா வழியும் அடைபட்ட பிறகு சிகப்பிக்குத் தூக்கம் வரவில்லை. கள் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவளை அரித்தது வேறு. இக்கரைத் துறையில் சம்பானிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அம்மாசியிடம் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, லாரிக்கு ஆளு கெடைக்காம லயம் லயமா நாயி மாதிரி அலைஞ்சானுங்கல்ல? இப்பப் பாருங்க. அத்தன ஆம்பளையும் ரோட்டோரமா, ஓட முடியாத போதையில, வரிசையா ஒக்காந்திருக்கான். யாரு ஒக்கார வச்சது?"

"மெதுவா பேசு தங்கச்சி."

"ஏறக்கூடாதுன்னுதானே சட்டம்? நீங்க பாட்டுக்கு வலிங்க. அவரு சம்பான் பின்னால கயித்தப் புடிச்சிக்கிட்டே நீந்தி வந்திரட்டும்."

"முதலை?"

"முதலையாச்சும் மூஞ்சிக்கு நேரா வந்து கடிக்கும்ண்ணே."

அம்மாசி கயிற்றை எடுத்துச் சம்பானுக்குள் போட்டான்.

சிகப்பியும் ஏறிக்கொண்டு சம்பான் கிளம்புகிற நேரத்தில், பூட்ஸ் சத்தத்தோடு ஒகாவா மாஸ்டரும், குடை பிடித்தபடி கிராணியாரும் வந்து ஏறிக்கொண்டார்கள். சட்டம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க மாஸ்டருக்கு ஆசையாம். ஆற்றில் கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் இடுப்பிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறந்து கடகடவென்று குடித்தார்.

சிகப்பி கிராணியாரைப் பார்த்தாள். கிராணியார் வானத்தைப் பார்த்தார்.

"கிராணியாரே, அது..."

"மருந்து."

"எதுக்குங்க மருந்து?"

"ஆத்துக் காத்துக்கு."

"நீங்க மோந்து பாக்கலியே?"

"பெரியவங்களுக்கு வாசம் வராதும்மா."

மருந்து நன்றாக வேலை செய்தது. மாஸ்டர் எழுந்து நின்றார். பாடினார். கிராணியார் குடையை இடுக்கிக்கொண்டு தாளம் போட்டார். ராகம் உச்சிக்கு ஏறியபோது மாஸ்டர் ஒரு காலைச் சம்பானுக்கு வெளியே வைத்தார். அங்கே பலகை இல்லை. மெர்போக் ஆறுதான் இருந்தது.

"ஐயோ மாஸ்டர்!" என்று கிராணியார் குடையை நீட்டினார். குடை மட்டும் மாஸ்டரோடு போனது. பூட்ஸும் வாளும் சேர்ந்து மாஸ்டரைக் கீழே இழுத்தன. வெள்ளம் அவரை அக்கரைப் பக்கமாக உருட்டியது. அம்மாசி சம்பானைத் திருப்பப் போராடினான்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஒரு உருவம் பாய்ந்தது. முக்கால் போதையில், இடுப்பில் சாக்குத் துணியோடு, சின்னையா! யார், என்ன என்று அவன் பார்க்கவில்லை. ஆற்றில் ஒரு தலை முங்குகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மாஸ்டரின் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்து சம்பானில் சேர்த்தான். சிகப்பி மாஸ்டரின் பெல்ட்டைப் பற்றி மூட்டையைப்போல உள்ளே இழுத்துப் போட்டாள். சின்னையா சம்பானின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஏறாதே!" என்று அலறினாள் சிகப்பி. "சாமி சத்தியமா ஏறாதய்யா! அப்படியே தொங்கு!"

"தெரியும் புள்ள... ஏற மாட்டேன்... சட்டம்..."

ஒகாவா மாஸ்டர் வாயிலிருந்த ஆற்றைத் துப்பினார். தன் உயிரைக் காத்தவனைப் பார்த்தார். கண்களில் நீர் பொங்க, "ஒராங் பாய்க்! ஒராங் பாய்க்!" என்று நல்ல மனிதனென்று மலாயில் புகழ்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சின்னையாவைப் பிடித்துத் தூக்கிச் சம்பானுக்குள் போட்டுக் கட்டிக்கொண்டார்.

கிராணியாரின் மூக்கு தானாக விரிந்தது. கடமை என்று வந்துவிட்டால் அது யாருக்கும் காத்திருக்காது.

"கள்ளு" என்றார்.

விசாரணை கள்ளுக்கடை பெஞ்சில் நடந்தது. மாஸ்டர் மலாயில் நாலு வார்த்தை சொன்னார். கிராணியார் அதை நாற்பது வார்த்தையாகத் தமிழில் விரித்தார்.

"சிகப்பி, நீ குடுத்து வச்சவ. மாஸ்டர் உன் புருசன மன்னிச்சிட்டாரு. மன்னிச்சதோட இல்ல, பரிசும் குடுக்கிறாரு. இவ்வளவு பலசாலி இந்தக் காட்டுல கெடந்து வீணாப் போகக்கூடாதாம். பெரிய எடத்துல வேலை."

"எந்த எடத்துலங்க?"

"சயாம்."

"சட்டத்த மீறுனாத்தானே சயாம்னீங்க?"

"அது தண்டனை. இது பரிசு."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"தண்டனைன்னா லாரிக்குப் பின்னால நின்னுக்கிட்டுப் போவணும். பரிசுன்னா டிரைவர் பக்கத்துல ஒக்காந்து போவலாம்லா."

"அப்ப பரிசு வேணாங்க. நாலு அறை விட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. பத்து அறைகூட விடட்டும். ஓங்க கால்ல விழறேன், சொல்லுங்க." அவள் விழுந்தேவிட்டாள்.

கிராணியார் காலை நகர்த்திக்கொண்டார். "பரிச வேணாம்னு சொல்றது குத்தம்மா."

"அந்தக் குத்தத்துக்கு?"

"சயாம்தான்."

அதற்குள் சாலையில் லாரி வந்து நின்றது. தெளிவதற்காகச் சட்டப்படி உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஏற்றினார்கள். இருளப்பன் என்கிறவன் மட்டும் லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "நாங்க சம்பான்ல ஏறலியே கிராணியாரே! நீங்க சொன்ன மாதிரி இங்கதானே ஒக்காந்திருந்தோம்?"

"அதத்தான்டா மாஸ்டரும் சொன்னாரு. இவ்வளவு ஒழுங்கா ஒக்காந்திருந்த தோட்டத்த அவரு பாத்ததே இல்லியாம். தேடுற வேலையே மிச்சம்."

சின்னையாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சொன்ன சொல் தவறாத அரசாங்கம். அம்மாசி சம்பானிலிருந்து தேடி எடுத்து வந்த புட்டியை மாஸ்டர் தன் கையாலேயே சின்னையாவிடம் கொடுத்தார். சட்டம் சம்பானுக்குத்தான், லாரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. சின்னையா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. லாரி நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"தெளிஞ்சதும் வந்துர்றேன் புள்ள."

"நீ இப்பவே தெளிஞ்சிதான்யா இருக்கே!" என்று கத்திக்கொண்டே லாரிக்குப் பின்னால் ஓடினாள் சிகப்பி. புழுதி அடங்கியபோது சாலையில் அவள் மட்டும் நின்றாள்.

அதற்கப்புறம் மெர்போக் ஆற்றில் ஒழுக்கம் தழைத்தது. குடித்துவிட்டுச் சம்பானில் ஏறியவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. குடிக்க ஆளில்லாமல் கள்ளுக்கடை தானாக மூடிக்கொண்டது. அடுத்த லாரியில் அம்மாசியும் போய்விட, துடுப்பு சிகப்பியின் கைக்கு வந்தது. அவளுடைய சம்பானில் யாரும் பாடுவதில்லை. அதனால் அது ஆடுவதுமில்லை. சயாமிலிருந்து சேதி ஒன்றும் வரவில்லை.

மேலதிகாரிகள் கண் மூடிக்கொண்டா இருப்பார்கள்? படகு விபத்தை அடியோடு ஒழித்ததற்காகக் கிராணியாருக்கு ஒரு முழு சட்டைக்கான வெள்ளைத் துணி பரிசாக வந்தது. ஊரே சாக்கில் இருந்த காலத்தில் வெள்ளைத் துணி! அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் சிகப்பியின் சம்பானில் ஏறினார். நடு ஆற்றில் அவருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று.

"பாத்தியா சிகப்பி? நான் சட்டம் போட்டதுலேருந்து இந்த ஆத்துல ஒரு உசுரு போவல. ஒண்ணுகூட! இது லேசுப்பட்ட காரியமா, நீயே சொல்லு."

சிகப்பி துடுப்பை நிறுத்தாமல் வலித்தாள்.

"ஆமாங்க கிராணியாரே," என்றாள். "ஆத்து மேல ஒரு குத்தமும் இல்லீங்க."