உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

சன்னிவேல், கலிஃபோர்னியா,
புதன்கிழமை காலை

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு மன்னி அபயாம்பாளின் ஆசீர்வாதம். உன் முழங்கால் வலியும் உன் அகத்துக்காரரின் இருமலும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

இனி விஷயம். நான் ஓடும் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்து, கதவைத் திறந்து குதித்ததாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாய். ரயில் ஓடவில்லை, நின்றிருந்தது. இந்த ஊர் ரயிலில் சங்கிலியே கிடையாது. நான் குதிக்கவில்லை, புடவைக் கொசுவத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர் சொல்லித்தந்தபடி முதுகு வளையாமல் இறங்கினேன். "பாவம், மன்னிக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்று எழுதி, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்றையும் போட்டிருந்தாய். எனக்கு எதுவும் மறக்கவில்லை. தொந்தரவே அதுதான்.

செவ்வாய்க்கிழமைதோறும் நான் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாக ரயிலில் போய், நூலகத்தில் பத்திரிகை படித்துவிட்டுத் திரும்புவது உனக்குத் தெரியும். இந்த நாட்டில் "கொஞ்சம் டிராப் பண்றியா" என்று யாரையும் கேட்காமல் நான் செய்கிற காரியம் அது ஒன்றுதான். ரயில் புதியது, சுத்தமானது, சத்தமில்லாதது. ஆனாலும் அதை ரயில் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஜன்னலைத் திறக்க முடியாது. கதவு தானே திறக்கும், தானே மூடும். உன் அண்ணா இங்கிலாந்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் நாம் மூன்று பேரும் போய்வந்த பெட்டிகளை நினைத்துப் பார். தலைக்கு மேலே சாமான் வைக்கக் கயிற்று வலை, அதன் கீழே சட்டம் போட்ட கடற்கரைப் படம், நடுவில் தலை வாரச் சின்னக் கண்ணாடி, தலை சாய்க்கும் இடத்தில் வெள்ளைத் துணி. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் கதவு. கதவுக்கு உள்ளே கைப்பிடி இருக்காது. தோல்வாரை இழுத்துப் பித்தளை முளையிலிருந்து விடுவித்து, கதவுக் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே நீட்டித்தான் திறக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. எந்தப் பக்கம் இறங்குவது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. நீதான் காலேஜ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "மன்னி, இடப்பக்கம்", "மன்னி, வலப்பக்கம்" என்று சொல்வாய்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல மனசுக்குள் குறை சொல்ல ஆரம்பித்தேன். வலை இல்லையே என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால் வலை இருந்தது. அதில் ஒரு கறுப்புக் குடை. அதிலிருந்து நீர் சொட்டி என் தோளை நனைத்தது. இந்த ஊரில் மழை பெய்து ஐந்து மாதம் ஆகிறது. நான் பதறவில்லை. ஈரக் குடையை மடித்து மேலே வைக்கிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். எதிரே கடற்கரைப் படம் கோணலாக மாட்டியிருந்தது, எழுந்துபோய் நேராக்கினேன். பார்த்தவர்கள் கண்ணுக்கு நான் வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேனாம். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பின்னால், நான் எழுந்துவந்த இருக்கைக்குப் பக்கத்தில், விரித்த செய்தித்தாள் ஒன்றும் அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. திரும்பிப் பார்த்தபோது பேப்பரும் இல்லை, ஆளும் இல்லை. இருக்கைத் துணியில் மட்டும் ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் வண்டி நின்றது. எல்லோரும் தானே திறந்த கதவு வழியாக இறங்கிப் போனார்கள். என் எதிரில் கைப்பிடி இல்லாத பழைய கதவுதான் இருந்தது. தோல்வாரைப் பிடித்தேன். அதன் மூன்றாவது ஓட்டை கிழிந்து, சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. தையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழைய பெட்டிகளை உடைத்தபோது உன் அண்ணா, ஞாபகத்துக்கென்று ஒரு வாரை எடுத்துவந்து, என் ரவிக்கை நூலால் தைத்து வைத்திருந்தாரே, அதே வார். அவர் போனபோது அவர் கூடவே வைக்கலாமென்று நான் கேட்டதற்கு, தோல் ஆகாது என்று சாஸ்திரிகள் மறுத்ததும், உன் அகத்துக்காரர் அதைப் படுக்கை கட்டுவதற்கென்று தூக்கிக்கொண்டு போனதும் உனக்கு நினைவிருக்கும்.

கண்ணாடியை இறக்கினேன். வெளியே கையை நீட்டிக் கைப்பிடியைத் தேடினேன். அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. குளிர்ந்த கை. கட்டைவிரலில் நகம் இல்லை. உன் அண்ணாவின் நகம் எந்த மெஷினில் போனது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மெதுவா எறங்கு, அபயம். படி ஈரமா இருக்கு."

இறங்கினேன். காலடியில் செங்கல் பாவிய பிளாட்பாரம் இருந்தது, நனைந்திருந்தது. அவ்வளவுதான் என் குற்றம். ஆனால் மற்றவர்கள் பார்த்தபோது நான் வண்டிக்கு மறுபக்கம், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஜல்லியில் நின்றுகொண்டிருந்தேனாம். அந்தப் பக்கத்துக் கதவு எப்படித் திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயில்வே போலீஸ்காரர் என்னை அலாக்காகத் தூக்கி மேலே விட்டார். நன்றி சொன்னேன்; அவர் தொப்பியைக் கழற்றவில்லை என்பதையும் சொன்னேன்.

மகாதேவன் ஆபீஸிலிருந்து ஓடிவந்தான். கார் ஃப்ரீவேயில் ஏறியது. அப்புறம்தான், "அம்மா, அந்தப் பக்கம் ட்ரெயின் வந்திருந்தா நீ இன்னிக்கு இல்ல. புரியறதா உனக்கு?" என்றான். குரல் உடைந்திருந்தது. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் மாளவிகா என் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு, பழைய இங்கிலாந்து ரயிலில் கையுறையெல்லாம் ஒட்டுமே, அந்தக் கரிப்புகைக் கறுப்பு. என்ன ஏது என்று கேட்காமல் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். எனக்கிருந்த ஒரே சாட்சியை மருமகளே கழுவி விட்டாள். தேய்த்துக்கொண்டே, "அத்தை, எதிர் சீட்ல இருந்த அமெரிக்கன் லேடி போலீஸ்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. ஒரு ஓல்ட் ஜென்டில்மேன் உங்க கையைப் பிடிச்சு எறக்கி விட்டாராம். யாரு அது?" என்று மெல்லக் கேட்டாள். மகாதேவன் இதை என்னிடம் சொல்லவே வேண்டாமென்று அவளைத் தடுத்திருக்கிறான்.

அடுத்த மாதம் ஞாபகசக்தி டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போகிறார்கள். அதற்கு முன்பாகவே லிவர்மோரில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்து வந்துவிட்டார்கள். கோயில் பக்கத்திலேயாம், தயிர்சாதம் கிடைக்குமாம், தோட்டமெல்லாம் இருக்கிறதாம். அங்கே அறைக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்று மகாதேவனே சொன்னான், பாதுகாப்புக்காம். அந்தக் காலத்து ரயில் கதவும் உள்ளிருந்து திறக்காதுதான். ஆனால் அதில் இறக்க ஒரு கண்ணாடி இருந்தது, பிடிக்க ஒரு வார் இருந்தது, வெளியே ஒரு கைப்பிடியும் இருந்தது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: உன் வீட்டுப் பரணில் அந்தத் தோல்வார் இருக்கிறதா என்று பார். நீ ஏறாதே, வேலைக்காரி பவளத்தை ஏறச் சொல். சிவப்புத் தையலோடு இருந்தால், நான் கண்டது வெறும் பிரமை. வாயை மூடிக்கொண்டு லிவர்மோருக்குப் போகிறேன். இல்லாவிட்டால், இல்லை என்று ஒரு வரி எழுதி உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. டாக்டரிடமும் மகாதேவனிடமும் காட்டுவேன்.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோயில்லாமல், முடிந்தால் வாட்ஸ்அப்பும் இல்லாமல், நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் மன்னி
அபயாம்பாள்

பி.கு.: பவளத்தைப் பரணில் ஏற்ற வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது நிமிர்ந்தால், தோல்வார் என் அறைக் கதவில் தொங்குகிறது, சிவப்புத் தையலோடு. கதவில் கைப்பிடியைக் காணோம். எதிரே ஜன்னலைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வார், அதிலும் அதே சிவப்புத் தையல். என் அறை மாடியில் என்பது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் மாளவிகா, காபி ஆறிப்போகிறது, கதவைத் திறங்கோ அத்தை என்கிறாள். மறுபக்கம் மழை பெய்கிறது, படி ஈரம் என்று சொல்வதும் கேட்கிறது. இரண்டு பக்கமும் வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகுகிறார்கள். நான் நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் நாம் இறங்குகிற ஸ்டேஷனில் பிளாட்பாரம் இடப்பக்கமா, வலப்பக்கமா? உன் பதில் வரும்வரை நான் எந்தக் கண்ணாடியையும் இறக்க மாட்டேன். போனில் சொல்லாதே, கடிதமாகவே எழுது.